நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல்: ஒரே நாளில் நிதானமாகப் பார்ப்பது எப்படி

புதுக்கோட்டைக்கு விருந்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும், "இங்க பக்கத்துல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் அவர்களே, "காரைக்குடி வீடுகளைப் பார்த்துட்டு வந்துடலாமா? இல்ல தஞ்சாவூர் போயிடலாமா?" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற ஆயிரக்கணக்கான பேருக்கு எங்கள் மாவட்டம் ஜன்னல் வழியே ஓடுகிற செம்மண்ணும் முந்திரிக்காடும் மொட்டைப் பாறைகளும்தான்.

அந்த மொட்டைப் பாறைகளைத்தான் பார்க்கச் சொல்கிறேன். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறவள். உறவுக்காரர்களையும் பிள்ளைகளையும் இந்த மூன்று இடங்களுக்கும் அழைத்துப்போவதை வருஷாவருஷம் ஆசையாகச் செய்கிறேன். சென்னையிலிருந்து வந்த என் அண்ணன் மகன் நார்த்தாமலை அடிவாரத்தில் நின்று, "அத்தை, வெறும் பாறைதானே இது?" என்று கேட்டான். அவன்தான் அன்றைக்குக் கடைசியாகக் கீழே இறங்கினான். மனம் இப்படி மாறுவதற்கு இடம் மட்டும் காரணமில்லை. எந்த நேரத்தில் போகிறோம், எதை முதலில் பார்க்கிறோம், எதைத் தெரிந்துகொண்டு போகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான். அந்த மூன்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதம். ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரைக்கும் வாருங்கள். சுனைகளில் தண்ணீர் இருக்கும், பாறை இடுக்கில் புல் பச்சையாக இருக்கும், கண்மாய்களில் கொக்கும் நாரையும் நிற்கும். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கே பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால் நார்த்தாமலையை மட்டும் விடியற்காலையில் பார்த்துவிட்டு, வெயில் நேரத்தைப் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் கழியுங்கள். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும். சுற்றுவட்டாரமே திரண்டு வரும். அம்மனைப் பார்க்க அது நல்ல நேரம். பாறையில் தனியாக உட்கார நினைக்கிறவர்களுக்கு அது ஏற்ற நேரமில்லை.

அடுத்தது வண்டி. மூன்று இடத்தையும் ஒரே நாளில் முடிக்க பைக்கோ காரோ இருந்தால் நல்லது. பஸ்ஸில் வந்தால் திருச்சி - புதுக்கோட்டை ரோட்டில் கீரனூர் தாண்டி நார்த்தாமலை விலக்கில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். எல்லா பஸ்ஸும் விலக்கில் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்தன்னவாசலுக்குப் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற பஸ் இருக்கிறது. பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் மூன்றையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம், இரண்டு போதும்.

கையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். மலை மேல் கடை கிடையாது. வழுக்காத செருப்பு, தலைக்கு ஒரு துண்டு, ஒரு டார்ச் கொண்டு வாருங்கள். புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வந்தால் நேரம் மிச்சம். ஆனால் சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக்கையும் திரும்ப எடுத்துப்போக ஒரு பையும் வேண்டும். அந்தப் பாறையில் ஒரு பிஸ்கட் தாள் கிடந்தால்கூட எனக்கு மனம் பொறுக்காது.

நார்த்தாமலை

காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெயிலுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மேலே பாறையைக் குடைந்து செய்த கோயில்கள், அதாவது குடைவரைகள், கிழக்கைப் பார்த்தவை. காலை வெயில் நேராக உள்ளே நுழைந்து சுவரில் இருக்கிற உருவங்கள் மேல் விழும். மதியத்துக்கு மேல் போனால் அதே உருவங்கள் இருட்டில் நிற்கும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிவரும்.

நார்த்தாமலை என்பது ஒரே மலை இல்லை. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை, மண்மலை, பொன்மலை என்று வரிசையாகக் குன்றுகள் இருக்கின்றன. எல்லாமே உயரம் குறைவு. நீங்கள் ஏற வேண்டியது மேலமலை. ஊருக்குள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். "விஜயாலய சோழீஸ்வரம்" என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் சிலருக்குப் பிடிபடாது. "மலை மேல இருக்கிற பழைய சிவன் கோயில்" என்று கேளுங்கள். குளத்தைத் தாண்டியதும் மண்பாதை முடிந்து பாறை தொடங்கும். படிக்கட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. சரிவான பாறை மேல் நடக்க வேண்டியதுதான். மூச்சு வாங்காமல் நடந்தால் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். முழங்கால் வலி உள்ள என் பெரியம்மாவே இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார். மழை பெய்த மறுநாள் மட்டும் கவனம் தேவை. நீர் வழிந்த தடம் கறுப்பாக இருக்கும், அதில் கால் வைத்தால் வழுக்கும்.

வழியில் தலையருவிச்சிங்கம் என்கிற சுனை இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் வைத்திருக்கிறார்கள். சுனையை இறைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். புதுக்கோட்டைக்குத் தனி ராஜா இருந்த சமஸ்தான காலத்தில் ராணி ஒருவர் நீரை இறைக்கச் சொல்லி வழிபட்டதாகப் பாறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். லிங்கத்தைப் பார்க்க முடியாது என்று தெரிந்தும் எல்லோரும் அந்தத் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். சுனையில் இறங்கக் கூடாது. ஆழம் வெளியிலிருந்து தெரியாது.

மேலே ஏறியதும் பாறை சமதளமாக விரியும். அங்கேதான் விஜயாலய சோழீஸ்வரம் நிற்கிறது. கோயிலைச் சுற்றி மதிலும் இல்லை, கோபுரமும் இல்லை. பாறைத்தரையில் கல்கோயில், பின்னால் வானம். அதைப் பார்த்ததும் யாரும் செல்போனை எடுக்கத்தான் செய்வார்கள். அதற்கு முன்னால் ஒருமுறை கோயிலை முழுதாகச் சுற்றி வாருங்கள். சுற்றும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

கோயில் மேற்கைப் பார்த்திருக்கிறது. விமானத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடி சதுரம், அதற்கு மேல் தளங்கள் சதுரம், உச்சிக்குப் போகப் போக வட்டமாகிறது. கருவறையின் உள்சுவரும் வட்டம்தான், சதுரச் சுவருக்குள் வட்ட அறை. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுக் கோயில்களில் இது அபூர்வம். விமானத்தின் மேல்தளங்களில் ஆடுகிற பெண் உருவங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்கும், ஆனாலும் நின்று பாருங்கள். கோயிலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சன்னதிகள் நிற்கின்றன. முதலில் எட்டு இருந்திருக்கின்றன, இப்போது ஆறு மிச்சம்.

பெயரைப் பார்த்து விஜயாலய சோழன் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. இளங்கோவதியரையர் ஆகிய சாத்தன் பூதி என்கிற முத்தரையர் தலைவர் எடுப்பித்த கற்றளி, அதாவது கல்கோயில் இது. அது மழையில் இடிந்து அழிந்தபோது மல்லன் விடுமன் என்கிறவர் புதுப்பித்தார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். 9-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் சோழர், பாண்டியர், பல்லவர் என்று மூன்று பேரும் மோதிக்கொண்டிருந்தபோது, நடுவில் இருந்த சிற்றரசர்களான முத்தரையர்களும் கொடும்பாளூர் இருக்குவேளிரும்தான் இங்கே கல்லில் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இவர்களுக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் கிடைக்கும். எங்கள் மண்ணில் அவர்கள் கட்டிய கற்றளிகள் இன்னும் நிற்கின்றன.

இப்போது கோயிலுக்கு முதுகைக் காட்டி எதிரே பாருங்கள். பாறை முகப்பில் இரண்டு குடைவரைகள். பெரியது சமணர் குடகு என்று சொல்லப்படுவது. பெயர் அப்படி இருந்தாலும் உள்ளே இருப்பது பெருமாள். 13-ஆம் நூற்றாண்டில் விஷ்ணு கோயிலாக ஆகியிருக்கிறது, கல்வெட்டில் பதினெண்பூமி விண்ணகரம் என்று வருகிறது. உள்ளே சுவரில் ஆள் உயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள், வரிசையாக, கிட்டத்தட்ட ஒரே மாதிரி. காலை வெயில் பட வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இவர்களுக்காகத்தான். ஒளி பக்கவாட்டில் விழும்போது பூணூலின் மடிப்பு, இடுப்புத் துணியின் முடிச்சு, சங்கு பிடித்த விரல் எல்லாம் எழுந்து வரும். முதல் பார்வைக்கு ஒரே அச்சாகத் தெரிகிற பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தால் முகம் வேறு வேறாக இருப்பது தெரியும். குழந்தைகளோடு போனால் எந்த இரண்டு முகம் ரொம்ப ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அசைய மாட்டார்கள். வெளியே மண்டபத்தின் அடித்தளத்தில் யாளியும் யானையும் வரிசையாகப் போகும். குனிந்துதான் பார்க்க வேண்டும், நிறைய பேர் அதை மிதிக்கிற தூரத்தில் கடந்துபோய்விடுகிறார்கள்.

பக்கத்தில் சின்னக் குடைவரை பழியிலி ஈஸ்வரம். பார்க்க எளிமையாகத்தான் இருக்கும், ஒரு லிங்கம், அவ்வளவுதான். ஆனால் எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த இடம் இது. இதைக் குடைவித்தவர் விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7-ஆம் ஆட்சியாண்டில் முன்மண்டபமும் நந்தியும் எடுத்து, நிலமும் கொடுத்தவர் அவருடைய மகள் பழியிலி சிறியநங்கை. அப்பா தொடங்கிய வேலையை மகள் முடித்திருக்கிறாள், தன் பெயரைக் கல்லிலும் எழுதி வைத்திருக்கிறாள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மாணவிகளை இந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தி அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் நான் இறங்குவதே இல்லை.

பிறகு உட்காருங்கள். நந்திக்குப் பக்கத்தில், நிழல் இருக்கிற பக்கமாக. இந்த ஊர் ஒரு காலத்தில் வணிகர் நகரம். தெலுங்கு குலகாலபுரம் என்று சோழர் காலத்தில் பெயர் பெற்றிருந்தது. நானாதேசத்துத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்கிற வணிகக் குழு இங்கே நடமாடியிருக்கிறது. கடல் தாண்டி வியாபாரம் செய்த கூட்டம் அது. மேலிருந்து பார்த்தால் இன்றைக்குக் கண்மாயும் வயலும் ஓட்டு வீடும் தெரியும். அந்த ஊரை மனதில் எழுப்பிப் பார்க்க ஒரு கால் மணி நேரமாவது வேண்டும். கூட்டமாக வந்து படம் எடுத்துவிட்டு பத்து நிமிஷத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு நடைமுறை விஷயம். கோயிலும் குடைவரையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கம்பிக்கதவு பூட்டியிருந்தால் காவலரைத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேயே இருப்பார், இல்லாவிட்டால் கீழே ஊரில் சொல்லிவிட்டால் வருவார். அவரிடம் அன்பாகப் பேசுங்கள். எந்த வெளிச்சத்தில் எந்தச் சிற்பம் தெரியும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்துக்கும் தெரியாது.

இறங்கி வரும்போது நேரமும் தெம்பும் இருந்தால் கடம்பர்மலை அடிவாரத்தில் இருக்கிற சோழர் கோயிலையும் எட்டிப் பாருங்கள். முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு உண்டு. ரொம்ப அமைதியான இடம். இல்லையென்றால் நேராகக் குடுமியான்மலைக்குக் கிளம்பிவிடுங்கள்.

குடுமியான்மலை

இங்கே பத்தரைக்குள் வந்து சேர வேண்டும். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம்தான். வெளியிலிருந்து பார்த்தால் குன்றடியில் இருக்கிற சாதாரணக் கோயில் மாதிரித்தான் தெரியும். உள்ளே போனதும் மண்டபத் தூண்களில் ஆளைவிடப் பெரிய சிற்பங்கள் நிற்கும். ரதி, மன்மதன், மோகினி, பத்துத் தலை ராவணன், இரணியனின் குடலைக் கிழிக்கிற நரசிம்மர், அகோர வீரபத்திரர். ரதியின் நகைகளைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள். பல நூறு வருஷத்துக் கை பட்டுப் பட்டே சில இடங்கள் மழுங்கியிருக்கின்றன.

சாமி பெயர் சிகாநாதர், குடுமி உள்ளவர் என்று அர்த்தம். சாமிக்கு வைத்த பூவில் ஒரு தலைமுடியைப் பார்த்துவிட்டு ராஜா கோபப்பட்டாராம். பூசாரி தன் காதலியின் தலையில் இருந்த பூவை எடுத்துச் சாத்தியிருந்தார். மாட்டிக்கொண்டதும், "சாமிக்கே குடுமி உண்டு" என்று சொல்லிவிட்டார். பக்தனைக் கைவிடக் கூடாது என்று சிவன் லிங்கத்தில் குடுமியோடு காட்சி கொடுத்தாராம். லிங்கத்தின் உச்சியில் இருக்கிற சின்ன மேட்டை அர்ச்சகர் தீபம் காட்டும்போது பார்க்கலாம்.

ஆனால் குடுமியான்மலைக்கு நான் ஆட்களைக் கூட்டிப்போவது பாறையில் இருக்கிற இசைக் கல்வெட்டுக்காக. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்தில், பாறைச்சரிவில், கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்வார்கள். "சித்தம் நமசிவாய" என்று தொடங்கி 38 வரிகள். கதையோ தானமோ போரோ எதுவும் இல்லை, முழுக்க ஸ்வர எழுத்துகள். மத்யம கிராமம், ஷட்ஜ கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்யமம், கைசிகம் என்று ஏழு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு நான்காகச் சேர்த்த ஸ்வரக் கோவைகள். ருத்ராசாரியார் என்பவரின் சீடரான, சிவபக்தரான ஒரு அரசர், மாணவர்களின் நன்மைக்காக எழுதியது. கடைசியில் தமிழில், இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியவை என்று ஒரு வரி வரும். எட்டு நரம்பு யாழா, ஏழு நரம்பு வீணையா என்று இசை தெரிந்தவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டு கற்றுக்கொள்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் வாத்தியார் எழுதிக்கொடுக்கிற ஸ்வரப் பயிற்சியை ஒரு ராஜா பாறையில் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். எழுத்தைப் படிக்க நமக்குத் தெரியாது, சரி. ஆனாலும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவதைக் கண்ணால் பிடிக்க முடியும். அங்கங்கே எழுத்தின் மேல் சின்னப் புள்ளிகளும் இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். வெயில் நேர்மேலே இருக்கும்போது எழுத்து மங்கலாகத் தெரியும், சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். அதற்காகவும்தான் பத்தரைக்குள் வரச் சொல்கிறேன்.

வெளியே வந்து குன்றின் மேல்பக்கம் நிமிர்ந்து பாருங்கள். பாறை முகட்டில் வரிசையாக 63 நாயன்மார்களைச் செதுக்கியிருக்கிறார்கள், நடுவில் ரிஷபத்தின் மேல் சிவனும் பார்வதியும். கோயிலுக்குள் சிலைகளாக அறுபத்து மூவரைப் பார்த்திருப்போம், மலை உச்சியில் ஒரே பாறையில் பார்ப்பது வேறு அனுபவம். கீழிருந்து பார்க்கத் தவறிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மதியம்

சாப்பாட்டுக்கு அன்னவாசலில் கடைகள் உண்டு. இல்லையென்றால் கட்டிக்கொண்டு வந்ததை ஒரு மரத்தடியில் பிரித்துக்கொள்ளலாம். வெயில் கடுமையாக இருந்தால் புதுக்கோட்டைக்கே வந்து திருக்கோகர்ணத்தில் இருக்கிற அரசு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. சமஸ்தானத்தின் காசுகள், ஆயுதங்கள், செப்புத் திருமேனிகள், பாடம் செய்த பறவைகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. புதுக்கோட்டைக்கென்று தனியாக அம்மன் காசு என்று ஒரு குட்டிச் செப்புக்காசு இருந்தது, ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேரும்வரை இந்த ஊருக்குத் தனி ராஜா இருந்தார் என்பதே வெளியூர் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

சித்தன்னவாசல்

மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு வாருங்கள். மேற்குப் பக்கம் அறிவர் கோயில் என்கிற சமண ஓவியக் குகை, மறுபக்கம் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் இருக்கிற ஏழடிப்பட்டம். தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு உண்டு. சாயங்காலம் மூடிவிடுவார்கள் என்பதால் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஏழடிப்பட்டம் போய்விடுங்கள். மேற்குப் பக்கமிருந்து மலை ஏறி, முகட்டைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். பாறையில் கால் வைக்க ஏழு குழிகள் வெட்டியிருக்கிறார்கள், இப்போது கம்பித் தடுப்பும் இருக்கிறது. உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம். கிழக்குப் பக்கம் என்பதால் மதியத்துக்கு மேல் நிழல் விழுந்திருக்கும். இயற்கையான குகைக்குள் 17 கல் படுக்கைகள், தலையணை மேட்டோடு, வழவழவென்று. சமணத் துறவிகள் படுத்தும் நோன்பிருந்தும் உயிர் விட்ட இடம். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதென் என்பவருக்காக இளையர் என்பவர் செய்து கொடுத்தது என்று பொருள் சொல்கிறார்கள். எருமிநாடு என்பது மைசூர்ப் பக்கம். எங்கிருந்தோ நடந்து வந்த ஒருவருக்கு இந்த ஊர்க்காரர் படுக்க இடம் செய்து கொடுத்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால். குகைக்குள் பேசாமல் இருங்கள். காற்று பாறையில் உரசுகிற சத்தம் கேட்கும்.

திரும்ப வந்து அறிவர் கோயிலுக்கு நான்கு மணிவாக்கில் போங்கள். குகை மேற்கைப் பார்த்தது என்பதால் சாயும் வெயிலின் வெளிச்சம் உள்ளே வரும். முன்னால் இருக்கிற தூண் மண்டபம் பழையது இல்லை, 20-ஆம் நூற்றாண்டில் சமஸ்தானத்தார் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. காலையில் குடுமியான்மலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தத் தூண் வேலைப்பாடு தெரிந்த முகம் மாதிரி இருக்கும்.

ஓவியத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்த்த பளிச்சென்ற நிறத்தை எதிர்பார்த்து வராதீர்கள். நிறைய உதிர்ந்துவிட்டது, நிறைய மங்கிவிட்டது. உள்ளே நுழைந்ததும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்று வெளியே வந்துவிடுகிறவர்கள் உண்டு. கண் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள். டார்ச் வேண்டாம், ஃபிளாஷ் கூடவே கூடாது. படம் எடுக்கலாமா என்று காவலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மெல்ல மெல்லப் பச்சை இலைகள் பிரிந்து வரும். அது ஒரு தாமரைக்குளம். இலைக்கு நடுவில் மொட்டு, விரிந்த பூ, மீன், அன்னம், குளத்தில் இறங்கிய யானை, எருமை. நடுவில் பூப்பறிக்கிற ஆட்கள். ஒருவர் கையில் பூக்கூடை. தாமரைத் தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற இளைஞனின் முகத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். எனக்கு இந்தக் குளம் முழுவதிலும் அந்த முகம்தான் பெரிது. சமணர்களுக்கு இது வெறும் குளம் இல்லை. தீர்த்தங்கரர் உபதேசம் செய்கிற சமவசரண மண்டபத்துக்குப் போகிற வழியில் வருகிற தாமரைத் தடாகம். பக்தர்கள் பூப்பறித்துக்கொண்டு போகிறார்கள்.

அப்புறம் தூண்கள். முன்பக்கத் தூண்களின் மேல்பகுதியில் ஆடுகிற பெண்கள் இருவர், ஒருவரின் கை யானைத் துதிக்கை போல நீண்டிருக்கும். இன்னொரு பக்கம் கிரீடம் வைத்த அரசரும் அரசியும். பழைய புத்தகங்களில் மகேந்திரவர்மப் பல்லவன் காலம் என்று இருக்கும். முகப்புக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கிற தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்கிறது. அதனால் ஓவியங்களும் அந்தக் காலத்தவை என்பதே இப்போது பெரும்பாலானோர் சொல்வது.

உள்ளறைக்குள் நின்று மெதுவாக "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகச் சொல்வார் காவலர். அறை முழுக்க அந்த ஒலி திரண்டு உடம்பில் அதிரும். ஒரு நேரத்துக்கு ஒருவர் செய்தால்தான் தெரியும். கூட்டமாகச் சேர்ந்து கத்தினால் ஒன்றும் கேட்காது, மற்றவர்களுக்கும் தொந்தரவு.

மூன்று இடத்தையும் பார்க்க முடியாதவர்கள் எதை விடலாம் என்று கேட்பார்கள். ஏற முடியாத வயதானவர்கள் உடன் இருந்தால் குடுமியான்மலையும் அறிவர் கோயிலும் போதும், இரண்டுக்கும் ஏற்றம் குறைவு. அரை நாள்தான் இருக்கிறது என்றால் நான் நார்த்தாமலையைத்தான் சொல்வேன், காலை ஆறரைக்கு. இரண்டு நாள் தங்க முடிந்தால் மறுநாள் காலையில் விராலிமலை ரோட்டுப் பக்கம் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போங்கள். மூன்றில் இரண்டு கோயில்தான் மிச்சம் இருக்கிறது, இரண்டுமே அழகு. சாயங்காலம் தெற்கே திருமயம் கோட்டையில் ஏறலாம். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. உச்சியில் பீரங்கி மேட்டில் காற்று நன்றாக வரும்.

தங்குவதற்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே லாட்ஜுகள் இருக்கின்றன. தஞ்சாவூர் வழியாகத் திரும்புகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்துங்கள். ரோட்டோரத்தில் முந்திரியை வறுத்து உடைத்துக் கண்ணெதிரே தருவார்கள். ஒன்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, சூடாக இருப்பதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.